வார இறுதிக் கடலோரப் பாய்மரப் பயணம்: வீடு திரும்பும் பாதையிலிருந்து திட்டமிடுவது எப்படி?

சனிக்கிழமை காலை கிளம்பி, அடுத்த விரிகுடாவில் நங்கூரம் போட்டு இரவைக் கழித்துவிட்டு, ஞாயிறு மாலைக்குள் திரும்பிவிடுவது. பாய்மரக் கிளப்புகள் நடத்தும் பயணங்களிலேயே எளிதானது இதுதான் என்று தோன்றும். போகும்போது அது உண்மையும்கூட. காற்று சரியில்லை என்றால் சனிக்கிழமை கிளம்பாமலே இருந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தச் சலுகை இல்லை. திங்கட்கிழமை வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அரைகுறைத் தூக்கம், பழக்கமில்லாத இடத்தில் நிற்கும் படகு எல்லாம் சேர்ந்துகொண்டு, "எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று சொல்ல வைக்கும். கிளப் பயணங்களில் நடக்கும் தப்பான முடிவுகளில் பெரும்பாலானவை ஞாயிறு காலையில் எடுக்கப்படுபவை என்பது என் எண்ணம். அதனால் இந்த வழிகாட்டி முதலில் திரும்பும் பாதையைத்தான் கணக்குப் போடுகிறது.

25 முதல் 35 அடி நீளமும், உள்ளே சிறிய டீசல் எஞ்சினும் உள்ள நாலைந்து படகுகள் சேர்ந்து போவதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: போகுமிடத்தைத் திரும்பும் நேரத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட் வேகம். இந்த அளவுப் படகுக்கு 5 நாட் நல்ல சராசரி. 20 கடல் மைல் தள்ளியிருக்கும் விரிகுடாவுக்குப் பின்காற்றில் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். அதே காற்று மறுநாளும் அப்படியே அடித்தால் திரும்புவது எதிர்காற்றில்.

எதிர்காற்றில் பாய்மரம் நேராகப் போகாது. காற்றுக்கு 45 டிகிரி சாய்வாக ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று டாக் அடித்து டாக் அடித்துத்தான் ஏற வேண்டும். 20 மைல் நேர்த்தூரம் கடலில் 28 மைலாக நீளும். அலையில் மோதி வேகம் 4.5 நாட்டாகக் குறைந்தால் ஆறே கால் மணி நேரம். இதோடு ஒரு நாட் எதிர் நீரோட்டம் விடாமல் இருந்தால் ஒன்பது மணி நேரத்தைத் தொட்டுவிடும். காலை எட்டு மணிக்குக் கிளம்பிய படகு மாலை ஐந்துக்கு வரும், அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். படகு காற்றால் பக்கவாட்டில் நழுவுவதை நான் இதில் சேர்க்கவே இல்லை.

எனவே ஒரு கட்டை விதி: மோசமான காற்றிலும் பகல் வெளிச்சத்துக்குள், இரண்டு மணி நேரம் கையிருப்போடு வீடு சேர முடியாத இடத்தைக் கிளப் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். கணக்கைக் குழுவிலேயே மெதுவான படகை வைத்துப் போடுங்கள். படகின் உச்ச வேகத்தை அதன் நீர்மட்ட நீளம் (நீரைத் தொடும் மட்டத்தில் படகின் நீளம்) தீர்மானிக்கிறது: அடியில் அளந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ அந்த வேகம் கிடைக்கும். 20 அடி நீர்மட்ட நீளத்துக்கு 6 நாட், 30 அடிக்கு 7.3 நாட். கேட்க அற்ப வித்தியாசம். ஒரு நாள் முழுக்க ஓடினால் சிறிய படகு ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருக்கும்.

இரண்டு இடங்கள் சமமாகத் தெரிந்தால், முதல் நாள் எதிர்காற்றில் போய் மறுநாள் பின்காற்றில் திரும்பக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள். தெம்பாக இருக்கும் நாளில் கஷ்டத்தை முடித்துவிடலாம்.

படி 2: ஓதக் கணக்கு

ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது, பெரிதாக இல்லாத கடலில் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். மற்ற இடங்களில் முழுப் பயணமும் இதைச் சுற்றித்தான் சுழலும்.

ஒரு நாளைக்கு இருமுறை ஏறி இறங்கும் கரைகளில் ஒரு உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது, சனிக்கிழமை காலை 10 மணிக்கு உச்சம் என்றால் ஞாயிறு காலை 10.50 வாக்கில் உச்சம். சனிக்கிழமை காலை எட்டு முதல் இரண்டு மணி வரை நீரோட்டம் உங்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனது என்றால், ஞாயிறு காலை 8.50 முதல் கிட்டத்தட்ட மூன்று மணி வரை அதே நீரோட்டம் அதே திசையில்தான் ஓடும். வீடு திரும்பும் உங்களுக்கு அது எதிர். சனிக்கிழமை அருமையாக அமைந்த நேரம் ஞாயிற்றுக்கிழமை அப்படியே தலைகீழாகும் என்பதைப் பலர் நங்கூரம் தூக்கிய பிறகே கவனிக்கிறார்கள். விடியற்காலையிலேயே கிளம்பிச் சாதகமான ஓட்டத்தின் கடைசிப் பகுதியைப் பிடிப்பதா, மதியம் வரை காத்திருப்பதா என்பதை வியாழக்கிழமையே முடிவுசெய்துவிடுங்கள். நீரோட்டம் திரும்பும் நேரம் எல்லா இடத்திலும் உயர் ஓத நேரத்தோடு ஒத்துப்போகாது. அந்தப் பகுதியின் நீரோட்ட அட்டவணையைத் தனியாகப் பாருங்கள்.

ஆழத்துக்குப் பழைய மாலுமிகளின் பன்னிரண்டில் ஒரு பங்கு விதி போதும். ஏற்றத்தின் ஆறு மணி நேரத்தில் மொத்த உயர்வு 1, 2, 3, 3, 2, 1 என்ற பங்குகளில் நடக்கும். நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி நீர் ஏறிவிடும். நீரோட்டமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிது; அரைநிலா நாட்களில் சிறிது. ஆழம் குறைந்த முகத்துவாரத்துக்குள் எப்போதும் நீர் ஏறும்போதே நுழையுங்கள். தரைதட்டினாலும் ஏறும் நீர் தூக்கிவிடும். வற்றும் நீரில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று: காற்றும் நீரோட்டமும் எதிரெதிராகப் பாயும்போது அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். காற்றின் வேகம் துளியும் மாறாமலே, நீரோட்டம் திரும்பிய அரை மணி நேரத்தில் கடல் வேறு முகம் காட்டும். முகத்துவார மணல்திட்டுகளில் வெளியே பாயும் நீரும் உள்ளே வரும் அலையும் மோதும் நேரத்தில் கடக்கவே கூடாது.

படி 3: போவதா வேண்டாமா என்பதற்கு எழுத்தில் ஒரு வரம்பு

வானிலை அறிக்கையை வாரத்தின் நடுவிலிருந்தே பாருங்கள், ஆனால் ஞாயிறு மதியத்தைத்தான் முதலில் பாருங்கள். 1805 வாக்கில் பிரான்சிஸ் போஃபோர்ட் வகுத்த காற்றுவேக அளவுகோல் இன்றும் பேச வசதியானது. 4 என்றால் 11 முதல் 16 நாட். 5 என்றால் 17 முதல் 21. 6 என்றால் 22 முதல் 27. புதியவர்கள் இருக்கும் கிளப் பயணத்துக்கு என் வரம்பு இது: 4 வரை எல்லோரும் போகலாம், 5 என்றால் அனுபவமுள்ள குழு, பாயைச் சுருக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு 6 என்று அறிக்கை சொன்னால் சனிக்கிழமை கிளம்புவதே இல்லை, சனி எவ்வளவு அழகாக விடிந்தாலும்.

அறிக்கை சொல்வது சராசரி வேகம். திடீர் வீச்சுகள் அதைவிட 40 சதவீதம் வரை கூடலாம். அலையின் உயரமும் அப்படியே: அறிக்கையில் வரும் எண், உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. அதைப்போல் இரு மடங்கு உயரத்தில் தனி அலை ஒன்று வருவது கடலுக்கு இயல்பு.

வெயில் நாட்களில் கரையோரக் காற்று தன் பாட்டுக்கு ஒரு அட்டவணை வைத்திருக்கும். நிலம் சூடேறியதும் முற்பகலில் கடற்காற்று கிளம்பி, பிற்பகலில் வலுத்து, மாலையில் அடங்கும். இரவில் நிலம் குளிர்ந்ததும் நிலக்காற்று. ஞாயிறு விடியலில் கிளம்புகிறவர்களுக்கு அமைதியான கடலும் கரையிலிருந்து வரும் மெல்லிய காற்றும் கிடைக்கும். பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்புகிறவர்கள் கடற்காற்று வலுக்கும் நேரத்தில் சிக்குவார்கள்.

வரம்பை எழுதி எல்லா ஸ்கிப்பர்களுக்கும் (படகுத் தலைவர்களுக்கும்) அனுப்புங்கள். அதோடு மாற்று வழியையும் எழுதுங்கள்: ஞாயிறு திரும்ப முடியாவிட்டால் படகை எந்தத் துறையில் விட்டுவிட்டுச் சாலை வழியாக வருவது, யார் வண்டி எங்கே நிற்கும், படகை எடுக்க யார் எப்போது போவது. இதை முன்கூட்டியே பேசிவைத்த குழுவுக்கு "இன்று வேண்டாம்" என்று சொல்வது சுலபம். பேசாத குழுவில் அந்த வார்த்தை யார் வாயிலிருந்தும் வராது.

படி 4: படகுச் சோதனையும் கரைத் தொடர்பும்

எல்லாப் பொருளையும் பட்டியல் போட்டால் இந்தக் கட்டுரை தாங்காது. திரும்பும் வழியில் பழிவாங்கும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

டீசல் வடிகட்டி முதலாவது. தொட்டியின் அடியில் வருடக்கணக்காகப் படிந்த கசடு பின்காற்றில் அமைதியாகப் போகும்போது அசையாது. எதிர் அலையில் படகு குத்திக்கொண்டு வரும்போது கலங்கி எழும்பி வடிகட்டியை அடைக்கும். எஞ்சின் நிற்பது பெரும்பாலும் அதை அதிகம் நம்பியிருக்கும் இடத்தில், அதாவது துறைமுக வாயிலில். மாற்று வடிகட்டி இரண்டு, அதைப் பொருத்தும் கருவி, எரிபொருள் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றத் தெரிந்த ஆள், மூன்றும் படகில் இருக்க வேண்டும்.

எரிபொருளை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: போக ஒன்று, வர ஒன்று, கையிருப்பு ஒன்று. எதிர் அலையில் எஞ்சின் வேகம் 3.5 நாட்டாகக் குறைந்தால் 20 மைலுக்கு ஆறு மணி நேரம் பிடிக்கும். மணிக்கு 3 லிட்டர் என்றால் 18 லிட்டர். கையிருப்பு இதற்கு மேல்.

லைஃப் ஜாக்கெட்டுகளைத் திறந்து, அவற்றை ஊதவைக்கும் காற்றுக் குப்பி இறுகியிருக்கிறதா, துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கடலோரப் பயணத்துக்குப் பெரியவர்களுக்கு 150 நியூட்டன் மிதப்பாற்றல் கொண்டது பொதுவான தேர்வு. தொடைப்பட்டை இல்லாத ஜாக்கெட் தண்ணீரில் தலைக்கு மேலே ஏறிவிடும். மூச்சுவிட வேண்டிய முகம் உள்ளே போய்விடும். பட்டையைக் கட்டச் சோம்பல் படுபவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

வி.எச்.எஃப். வானொலியில் 16ஆம் அலைவரிசைதான் அழைப்புக்கும் ஆபத்துக்கும் பொது. டிஜிட்டல் ஆபத்து அழைப்பு 70இல் போகும். குழுப் பேச்சுக்கு உங்கள் பகுதியில் அனுமதிக்கப்பட்ட வேறொரு அலைவரிசையை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். ஆபத்து அழைப்பு விடும் முறையை அட்டையில் எழுதி வானொலிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்: "மேடே" மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, மறுபடி "மேடே", பெயர், பிறகு இருக்கும் இடம், என்ன நடந்தது, என்ன உதவி, எத்தனை பேர். இடம் முன்னால் வருவதற்குக் காரணம், அதற்குப் பிறகு வானொலி செத்தாலும் தேட வருகிறவர்களுக்கு அது போதும். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத அவசரத்துக்கு "பான் பான்" மூன்று முறை.

கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸின் ஐந்தாம் அத்தியாயம், 34ஆம் விதி, பயணத்தை முன்கூட்டியே திட்டமிடச் சொல்கிறது. சிறிய படகுகளுக்கும் அதை ஓரளவு பொருத்தும் நாடுகள் உண்டு. விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரையில் ஒருவரிடம் படகுகளின் பெயர், நிறம், ஆட்களின் பட்டியல், பாதை, வரவேண்டிய நேரம், எந்த நேரத்துக்கு மேல் கடலோரக் காவல் படையை அழைக்க வேண்டும் என்ற எல்லை, எல்லாம் இருக்கட்டும்.

படி 5: குழுவாகப் போவதன் ஒழுங்கு

கிளப் பயணத்தை ஏற்பாடு செய்பவர் கப்பற்படைத் தளபதி அல்ல. ஒவ்வொரு படகின் பாதுகாப்புக்கும் அந்தந்த ஸ்கிப்பரே பொறுப்பு, கிளம்புவதும் திரும்புவதும் அவர் முடிவு. இதை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் உரக்கச் சொல்லிவிடுங்கள். "எல்லோரும் போகிறார்களே" என்ற ஒரே காரணத்துக்காகக் கிளம்பும் படகுதான் குழுவின் பலவீனம்.

அனுபவசாலி ஒருவர் முன்னால், இன்னொருவர் கடைசியில். மெதுவான படகுகள் முதலில் கிளம்பட்டும். வேகமானவை அரை மணி, ஒரு மணி கழித்து. வேகமான படகுகளுக்கு முதலில் கிளம்புவதில் ஒரு பெருமை உண்டு, அதை அனுமதித்தால் மெதுவான படகு தனியாக இருட்டில் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வானொலியில் நிலை சொல்லும் வழக்கம் போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

படி 6: போகும் வழியில் திரும்பும் பாதையைக் குறியுங்கள்

சனிக்கிழமை ஓட்டம் சுலபமாக இருக்கும்போது ஒரு வேலை செய்யலாம். அடிக்கடி திரும்பிப் பின்னால் பாருங்கள். முனைகளும் மிதவைகளும் பாறைகளும் திரும்பி வரும்போது எப்படித் தெரியும் என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். வழியில் ஒதுங்கக்கூடிய இடங்களைக் கடல் வரைபடத்தில் குறியுங்கள். எதிர்காற்றில் எந்த முனையில் நீர் கொதிக்கும் என்பதையும் கவனியுங்கள். முனைகளில் காற்று ஒடுங்கி வேகமெடுக்கும், நீரோட்டமும் அப்படியே.

சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் 1972 பாய்மரங்களுக்குச் சொல்வதில் தினமும் தேவைப்படுவது இவ்வளவு: இரு பாய்மரப் படகுகள் சந்தித்தால், இடப்பக்கத்தில் காற்று வாங்கும் படகு, வலப்பக்கத்தில் காற்று வாங்கும் படகுக்கு விலக வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் என்றால், காற்று வரும் திசையில் இருக்கும் படகு விலக வேண்டும். முந்துகிறவர் எவராயினும் விலகியே போக வேண்டும். எஞ்சினைப் போட்ட நொடியில், பாய் விரித்திருந்தாலும், நீங்கள் விசைப்படகு. பகலில் கூம்பு அடையாளத்தை முனை கீழே இருக்குமாறு தொங்கவிட வேண்டும். ஞாயிறு மாலைகளில் பாயும் எஞ்சினும் சேர்ந்து ஓட்டிக்கொண்டு பாய்மர உரிமை கேட்கிற படகுகளை எல்லாத் துறைமுக வாயிலிலும் பார்க்கலாம். குறுகிய கால்வாய்க்குள் பெரிய கப்பலுக்கு இடைஞ்சல் செய்யும் உரிமை பாய்மரத்துக்கு எப்போதும் இல்லை. 20 நாட்டில் வரும் கப்பல் மூன்று நிமிடத்துக்கு ஒரு கடல் மைல் விழுங்குகிறது. ஆறு மைல் தள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் 18 நிமிடத்தில் உங்கள் மேல். காம்பஸில் அதன் திசை மாறாமல், உருவம் மட்டும் பெருத்துக்கொண்டே வந்தால் மோதல் பாதையில் இருக்கிறீர்கள்.

படி 7: இரவு நங்கூரம்

நங்கூரக் கணக்கை உயர் ஓதத்துக்குப் போடுங்கள். ஆழம் 4 மீட்டர், நீரிலிருந்து அணியத்தின் (படகின் முன்முனையின்) உயரம் 1 மீட்டர், இரவில் ஏறப்போகும் நீர் 2 மீட்டர். மொத்தம் 7. சங்கிலி முழுக்க இருந்தால் அமைதியான இடத்தில் இதைப்போல் நான்கு மடங்கு நீளம் விட வேண்டும். நான் ஐந்துக்குக் குறைத்து நிம்மதியாகத் தூங்கியதில்லை, ஆகவே 35 மீட்டர். கயிறு கலந்திருந்தால் ஏழு மடங்கு. போட்டபின் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி நங்கூரம் கடிக்கிறதா பாருங்கள்; கரையில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நிற்கும் இரண்டு அடையாளங்கள் விலகாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். இரவில் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கு எரிய வேண்டும்.

கிளப் பயணத்தில் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக் கட்டுவது ஒரு சந்தோஷம். பெரிய படகு நடுவில், அது மட்டும் நங்கூரம் போடட்டும். ஃபெண்டர்களை (உரசலைத் தாங்கும் மெத்தைகளை) தாராளமாகத் தொங்கவிடுங்கள், முன்னும் பின்னும் இழுக்கும் ஸ்பிரிங் கயிறுகளைக் கட்டுங்கள். அடுத்தடுத்த படகுகளின் பாய்மரக் கம்பங்கள் ஒரே வரிசையில் நிற்காதபடி ஒன்றை முன்னே, ஒன்றைப் பின்னே தள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு கப்பல் கிளப்பிய அலையில் படகுகள் உருளும்போது மரங்களின் உச்சியும் இரும்புக் கம்பிகளும் மோதிக்கொள்ளும். தூங்கப் போகுமுன் கட்டாயம் பிரிந்துவிடுங்கள். நடுநிசியில் காற்று திரும்பி, ஒரே நங்கூரத்தில் நான்கு படகுகள் கரையை நோக்கி நகரும்போது தூக்கக் கண்ணோடு முடிச்சு அவிழ்ப்பது நல்ல அனுபவம் இல்லை.

கரைக்கும் படகுக்கும் டிங்கியில் (சிறு துணைப்படகில்) போய்வரும் நூறு மீட்டர்தான் பயணத்தின் அபாயமான நூறு மீட்டர். இருட்டு, சிரிப்பு, அளவுக்கு மீறிய ஆட்கள், சிலர் குடித்திருப்பார்கள். லைஃப் ஜாக்கெட்டும் டார்ச்சும் இங்கேயும் வேண்டும்.

ஞாயிறு கிளம்பும் நேரத்தை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பேசி முடியுங்கள். சாப்பாட்டுக்குப் பின் எடுக்கும் முடிவில் எல்லோருக்கும் காற்று மென்மையாகத் தெரியும்.

படி 8: ஞாயிறு காலை

முதல் வேலை புதிய வானிலை அறிக்கை. வியாழக்கிழமை எழுதிய வரம்பைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நங்கூரம் கிடக்கும் விரிகுடா மறைவாக இருப்பதால் வெளியே என்ன அடிக்கிறது என்று அங்கிருந்து தெரியாது.

15 நாட் காற்றில் சனிக்கிழமை பின்காற்றோடு 5 நாட்டில் போனபோது உங்கள் முதுகில் பட்டது 10 நாட் மட்டுமே. அதே 15 நாட்டில், அதே 5 நாட் வேகத்தில், சாய்ந்து எதிர்த்து ஏறும்போது படகு உணர்வது 19 நாட். பாயின் மேல் விழும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு. நேற்று முழுப் பாயும் தாங்கியதே என்று இன்றும் முழுப் பாய் விரிப்பவர்கள் முதல் முனையைத் தாண்டியதும் படுக்கைவாட்டில் ஓடிக்கொண்டிருப்பார்கள். பெரிய பாயை நங்கூரத்தில் நிற்கும்போதே ஒரு ரீஃப், அதாவது ஒரு மடிப்பு, சுருக்கிவிடுங்கள். தேவையில்லை என்று தெரிந்தால் வெளியே போய் விரிப்பது ஐந்து நிமிட வேலை. அலையில் சுருக்குவதற்கு ஆள் மரத்தடிக்குப் போக வேண்டியிருக்கும்.

வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைக் கிளம்பும் முன்பே போடட்டும். குமட்டல் தொடங்கிய பிறகு வயிறு அதை ஏற்காது. உள்ளே எதுவும் உருளாதபடி கட்டுங்கள். மதியச் சாப்பாடு காக்பிட்டில் (படகோட்டும் திறந்த பகுதியில்) இருந்தபடி ஒரு கையால் எடுத்துச் சாப்பிடக்கூடியதாக, கிளம்பும் முன்பே தயாராக இருக்கட்டும். எதிர் அலையில் அடுப்படிக்கு இறங்க யாரும் விரும்ப மாட்டார்கள், பசித்த குழு வேகமாகக் குளிரும், சோரும்.

படி 9: வீடு நோக்கி

சுக்கான் பிடிப்பதை மணிக்கு ஒருவராக மாற்றுங்கள். தாக்குப்பிடிக்கும் ஒரே ஆள் ஸ்கிப்பர்தான் என்று விட்டுவிட்டால், துறைமுக வாயிலில் எல்லோரையும்விடக் களைத்திருப்பவர் அவராக இருப்பார். சுக்கான் கனத்து, படகு 20, 25 டிகிரிக்கு மேல் சாய்ந்தே ஓடினால் பாய் அதிகம். சுருக்கினால் வேகம் குறையாது, பல நேரம் கூடும்.

வரைபடத்தில் ஒரு முடிவுப் புள்ளி வையுங்கள்: "பன்னிரண்டு மணிக்குள் இந்த முனையைத் தாண்டாவிட்டால் இன்ன துறைக்கு ஒதுங்குவோம்." நேரம் வந்ததும் விவாதம் வேண்டாம்.

காற்று கரையை நோக்கித் தள்ளும் பக்கத்தில் தூரம் விட்டு ஓடுங்கள். எஞ்சினும் பாயும் கைவிட்ட படகு 2 நாட் வேகத்தில் நழுவினால் அரை மைல் தூரம் 15 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் செய்யக்கூடிய முதல் காரியம் நங்கூரத்தை இறக்குவது. எனவே கரையோரம் ஓடும்போது நங்கூரத்தின் கட்டு கையால் அவிழ்க்கும் நிலையில் இருக்கட்டும்.

எல்லோரும் சோர்ந்துவிட்டால் படகை நிறுத்திவையுங்கள். ஜிப் எனும் முன்பாயைக் காற்று வரும் பக்கமாக இழுத்துக் கட்டி, கைப்பிடிச் சுக்கானைக் காற்று போகும் பக்கம் தள்ளிக் கட்டினால் படகு மெல்ல நழுவியபடி அமைதியாகக் கிடக்கும். சக்கரச் சுக்கான் என்றால் காற்று வரும் பக்கமாகத் திருப்பிப் பூட்டுங்கள். நழுவக் கடற்பரப்பு வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சாப்பிடவும் பாயைச் சுருக்கவும் காயத்துக்குக் கட்டுப்போடவும் இதைவிட நல்ல வழி கிடையாது. இதைத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு சாதாரண நாளில் பழகாமல் வருகிறவர்கள் அதிகம் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

ஆள் விழுந்தால்: ஒருவர் கை நீட்டிக் காட்டிக்கொண்டே கண்ணை எடுக்காமல் இருப்பது, மிதவையை எறிவது, ப்ளாட்டரில் (மின்னணுக் கடல் வரைபடத் திரையில்) இடத்தைக் குறிக்கும் பொத்தானை அழுத்துவது, படகை உடனே நிறுத்துவது, ஆபத்து அழைப்பு. ஆளை மேலே தூக்குவதுதான் கடினமான பகுதி. தூக்கும் கயிறு எது என்று கிளம்பும் முன் காட்டியிருக்க வேண்டும்.

படி 10: துறைமுக வாயில்

வாயிலுக்கு ஒரு மைல் முன்பே, விசாலமான நீரில் வேலையை முடித்துவிடுங்கள். ஃபெண்டர்கள் இரு பக்கமும், கட்டுக் கயிறுகள் தயார். எஞ்சினைப் போட்டு முன்னுக்கும் பின்னுக்கும் கியர் விழுகிறதா என்று சோதித்துப் பாருங்கள். பின்கியர் விழவில்லை என்பது கட்டுமிடத்துக்கு மூன்று மீட்டர் முன்னால் தெரியவேண்டிய செய்தி அல்ல. கியர் சரியாக விழுந்த பிறகு பாய்களை இறக்குங்கள். பெரிய பாய் மட்டும் நொடியில் ஏற்றும் நிலையில் இருக்கட்டும்.

மிதவைகளின் நிறம் உலகில் இரண்டு விதம். கடலிலிருந்து உள்ளே வரும்போது பெரும்பாலான நாடுகளில் சிவப்பு இடப்பக்கம். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களில் சிவப்பு வலப்பக்கம். இருட்டிவிட்டால் கரையின் விளக்குவெள்ளத்தில் துறைமுக விளக்குகள் தொலைந்துபோகும். திரையில் தெரிவதையும் கண்ணில் படுவதையும் ஒப்பிட ஒருவரைத் தனியாக அமர்த்துங்கள். பாய்மர உச்சியில் இருக்கும் மூவண்ண விளக்கு பாயில் ஓடும்போது மட்டும். எஞ்சின் போட்டதும் அதை அணைத்துவிட்டு, பக்க விளக்குகள், பின் விளக்கு, மரத்தின் முன்புற வெள்ளை விளக்கு ஆகியவற்றுக்கு மாறுங்கள்.

கட்டுமிடத்தில் யாரும் குதிக்க வேண்டாம். நடுப்பகுதியிலிருந்து ஒரு ஸ்பிரிங் கயிறு கரைக்குப் போனால் படகு நிற்கும், மற்றவை சாவகாசமாக.

படி 11: கட்டிய பிறகு

முதல் தொலைபேசி அழைப்பு கரைத் தொடர்பாளருக்கு. வந்துவிட்டோம் என்று சொல்ல மறந்ததால் தேடுதல் தொடங்கிய கதைகள் எல்லாக் கடற்கரையிலும் உண்டு. கடைசிப் படகு வரும் வரை முதல் படகில் ஒருவர் வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

சமையல் வாயுவைச் சிலிண்டரிலேயே மூடுங்கள். அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடிக்குழியில் போய்த் தேங்கும். அடிக்குழியில் புது நீர் சேர்ந்திருக்கிறதா பாருங்கள், கடல்நீர் வால்வுகளை மூடுங்கள், உப்பைக் கழுவுங்கள், மரத்தில் அடித்துச் சத்தம் போடும் கயிறுகளை விலக்கிக் கட்டுங்கள்.

பிறகு சாலைப் பயணம். நாள் முழுக்க வெயிலிலும் காற்றிலும் இருந்த உடம்புக்குத் தரையும் கொஞ்சநேரம் ஆடும். படகில் அதிகம் தூங்கியவர் வண்டி ஓட்டட்டும். தேவைப்பட்டால் படகிலேயே ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்பலாம்.

வடிகட்டியின் நிலை, தேய்ந்த கயிறு, கிழிந்த தையல் ஆகியவற்றை அன்றே எழுதிவையுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்றும் நினைவில் இருக்காது. ஒவ்வொரு படகும் கிளம்பிய நேரம், முனைகளைத் தாண்டிய நேரம், வந்த நேரம், எரித்த டீசல், அடித்த காற்று எல்லாவற்றையும் கிளப்பின் ஒரே அட்டவணையில் சேர்த்துவிடுங்கள். அடுத்த பயணத்தின் முதல் படியில் 5 நாட், 4.5 நாட் என்று நான் போட்ட ஊகக் கணக்கின் இடத்தில் உங்கள் படகுகளின் நிஜ எண்களைப் போடலாம்.